வாசகர் கேள்வி: அமெரிக்க வாக்கு எங்கே தொலைகிறது?

என் மருமகள் அமெரிக்கக் குடிமகள். இப்போது எங்களுடன் இருக்கிறார். அங்குள்ள தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்க முடியுமா?
– வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

முடியும். வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர்களுக்கென்று கூட்டாட்சி அஞ்சலட்டை விண்ணப்பம் இருக்கிறது. வாக்காளர் பதிவு, வாக்குச்சீட்டுக் கோரிக்கை இரண்டுக்கும் அந்த ஒரே படிவம் போதும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியிலேயே புதிதாக அனுப்பிவிடச் சொல்லுங்கள். வாக்காளர் முகவரி என்று கேட்குமிடத்தில் பொங்கோல் வீட்டை எழுதக்கூடாது. அமெரிக்காவில் கடைசியாகக் குடியிருந்த முகவரியை வைத்துத்தான் தொகுதி முடிவாகும். பொங்கோல் முகவரி அஞ்சல் பெறுவதற்கு மட்டும்.

தேர்தலுக்கு 45 நாள் முன்னதாகவே மாநிலம் வாக்காளருக்குச் சீட்டை அனுப்பிவிட வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். அதை மின்னஞ்சலில் பெறத் தெரிவுசெய்தால், அஞ்சலில் போகும் நாள்களில் பாதி மிச்சம்.

பல வாக்குகள் வீணாவது உறையில்தான். கையெழுத்து பதிவேட்டில் உள்ளதுபோல் இல்லையென்றாலோ, சீட்டை முதலில் இட வேண்டிய உள்ளுறையை மறந்துவிட்டாலோ பல இடங்களில் சீட்டைத் தள்ளிவிடுவார்கள். உள்ளுறை இல்லாத சீட்டை எண்ணக்கூடாது என்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றமே 2020இல் தீர்ப்பளித்தது. வாக்களித்தவர் யார் என்பதில் சந்தேகமே இல்லாதபோது, ஓர் உறைக்காக அவர் வாக்கைப் பறிப்பது அநியாயம். அதனால் மாநிலம் அனுப்பும் வழிமுறைத் தாளை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

நவம்பர் தேர்தலுக்கு அக்டோபர் தொடக்கத்திலும் சீட்டு வரவில்லையா? வேட்பாளர் பெயரைக் கையால் எழுதி அனுப்பும் மாற்றுச் சீட்டு உண்டு. அதை உடனே அனுப்பலாம். பிறகு அசல் வந்தால் அதையும் நிரப்பி அனுப்பட்டும். அசல் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அதை மட்டுமே எண்ணுவார்கள்.

நமக்கு வாக்காளர் அட்டை வீடு தேடி வருகிறது. அங்கே பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்களாமே?
– வாசகர், ஈசூன்

இங்கே சிங்கப்பூரில் 21 வயதானால் அரசே பெயரைச் சேர்த்துவிடும். அங்கே வடக்கு டகோட்டாவைத் தவிர எல்லா மாநிலங்களிலும் பதிவு வேண்டும். ஓட்டுநர் உரிம அலுவலகத்திலேயே தானாகப் பதிந்துவிடும் மாநிலங்களும் உண்டு. மற்றவற்றில் அது வாக்காளர் தலையில்தான். வீடு மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடித்தனக்காரரும் மாணவரும்தான் இதில் அடிபடுகிறார்கள். போதாக்குறைக்குத் தேர்தல் செவ்வாய்க்கிழமையில். 1845இல் வகுத்த விதி, நாடு முழுவதற்குமான விடுமுறை இன்றும் கிடையாது.

இனப்பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்று 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டை அவிழ்த்தது. அன்றே டெக்சஸ் தன் அடையாள அட்டைச் சட்டத்தை அமலாக்கப்போவதாக அறிவித்தது. அதன்படி கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. யாரை உள்ளே விட நினைத்தார்கள், யாரைத் தடுக்க நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் திரும்பிவிடாமல் ‘தற்காலிக வாக்குச்சீட்டு’ கேட்க வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. ஆனால் சரியான வாக்குச்சாவடியில் கேட்க வேண்டும். சாவடி மாறினால் சில மாநிலங்களில் முழுச் சீட்டும் செல்லாது.

மகனுக்கு கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. வாக்களிக்கலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

கூடாது. நாடாளுமன்ற, அதிபர் தேர்தல்களில் குடிமகன் அல்லாதவர் வாக்களிப்பது 1996 முதல் குற்றம். நாடு கடத்தவும் செய்வார்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது நீட்டும் படிவத்தில் ‘குடிமகன்’ என்ற கட்டத்தில் தவறியும் குறியிடக் கூடாது. கட்சிக்கு நன்கொடை தருவதற்கு மட்டும் கிரீன் கார்டுகாரருக்குத் தடையில்லை. ஆனால் அது அவர் சொந்தப் பணமாக இருக்க வேண்டும்; நீங்கள் இங்கிருந்து அனுப்பி அவர் பெயரில் கட்டினால் இருவருக்கும் வழக்கு வரும்.