கவாத்தில் கிடைத்த உலோகத் துண்டு: கழுவாதீர்கள், விற்காதீர்கள்

கேள்வி: காட்டேரிப் பக்கம், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பலியான 2021 ஹெலிகாப்டர் விபத்து நடந்த காட்டுக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். செடிகளை வெட்டிவிடும் இந்தக் கவாத்தில் உள்ளங்கை அகல உலோகத் துண்டு ஒன்று கிடைத்தது. எல்லாவற்றையும் பரிசோதித்ததாகச் சொன்னார்களே, இது எப்படி விட்டுப்போனது? பழைய இரும்புக்காரர் விலைக்குக் கேட்கிறார். இன்னொருவர் தனியார் லேபில் சோதித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார்.
- வாசகர், குன்னூர்

பதில்: 'எல்லாவற்றையும்' என்றால் கடைசித் தகடுவரை என்று அர்த்தமில்லை. மூக்கு, வால், சுழல் இறக்கை நுனிகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றனவா என்று விபத்தை விசாரிப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள். கிடந்தால் வானத்தில் உடையவில்லை. அடுத்து இன்ஜின், கியர்பாக்ஸ், கட்டுப்பாட்டுத் தண்டுகள். சரிவில் சிதறி எரிந்ததில் சில துண்டுகள் புதருக்குள் தங்குவது சகஜம்தான், மூடிமறைப்புக்கு அத்தாட்சி ஆகாது. திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசையுணர்வு இழந்தார், இயந்திரக் கோளாறு இல்லை என்று 2022 ஜனவரியில் சொன்ன முப்படை விசாரணை, பறப்புப் பதிவு, குரல் பதிவு, சாட்சிகள் மூன்றையும் வைத்துத்தான் சொன்னது. உங்கள் துண்டு அதை மாற்றும் என்று நான் நினைக்கவில்லை.

அதற்காகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1989 ஜூலையில் அமெரிக்காவின் ஐயோவாவில் விழுந்த யுனைடெட் 232 விமானத்தின் இன்ஜின் விசிறி வட்டு, மூன்று மாதம் கழித்து மக்காச்சோள அறுவடையில்தான் அகப்பட்டது. காரணத்தை உறுதி செய்தது அதிலிருந்த விரிசல்.

துண்டு முறிந்த பரப்பில்தான் விஷயம் இருக்கிறது. நாள்பட்ட விரிசல் என்றால், கடற்கரையில் அலை விட்டுப்போன தடம்போல வளைகோடுகள் தெரியும். ஒரே மோதலில் உடைந்தால் சொரசொரப்பு, ஓரத்தில் 45 பாகைச் சாய்வு. கம்பி பிரஷ் போட்டால், மண்ணெண்ணெயில் துடைத்தால், வேறு துண்டோடு பொருத்திப் பார்த்தால் அந்த அடையாளம் போச்சு. கையுறையும் முகக்கவசமும் போட்டு எடுங்கள். ஹெலிகாப்டர் பாகங்களில் உள்ள செயற்கை நார் எரிந்த தூள் ஒட்டியிருந்தால் நுரையீரலுக்கு ஆகாது. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள், கிடந்த இடத்தை ஜி.பி.எஸ்.ஸோடு குறியுங்கள். உலர்ந்த காகிதத்தில் சுற்றுங்கள். நம்ம ஊர் மூடுபனியில் ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளேயே துரு ஏறும். ஒயர் தொங்கும் உருளை ஏதாவது கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம், வெடிமருந்து இருக்கலாம்.

இரும்புக்காரரிடம் விற்றால் அரசுச் சொத்தை விற்ற வழக்கு உங்கள் தலையில்தான் விழும். லேப் தரகர் விவகாரம் இன்னும் மோசம்: லேபில் துண்டை அறுப்பார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு இருக்காது, அந்த அறிக்கையை எந்த விசாரணையும் ஏற்காது. பணம் அவருக்கு, சான்று யாருக்கும் இல்லை.

யாரிடம் கொடுப்பது? பயணிகள் விமானமென்றால் டெல்லியிலுள்ள விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம். அதன் இறுதி அறிக்கை இணையத்தில் வரும். இதுவோ விமானப்படை ஹெலிகாப்டர், பணியகத்துக்கு இதில் வேலையே இல்லை. மனு போட்டால் 'எங்கள் வரம்பில் வராது' என்று திருப்பிவிடுவார்கள். முழு அறிக்கையும் கேட்காதீர்கள், வராது. ராணுவ விசாரணை என்றால் நம் ஊரில் அப்படித்தான், சுருக்கத்தோடு சரி. நீங்கள் போக வேண்டியது உள்ளூர் காவல் நிலையம். அங்கே 'இது பழைய கேஸ், வி.ஏ.ஓ.வைப் பாருங்க' என்று தட்டிக் கழித்தால், சூலூர் விமானப்படைத் தளத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் படத்தோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். எடுக்க வருபவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். துண்டின் அளவு, கிடைத்த இடம், தேதி எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள்.