ஆணவத்தால் ஒருவர் வீழ்ந்ததை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா.

திருப்பூரில் இரண்டே வின்ச் மெஷினோடு சாயப்பட்டறை ஆரம்பித்தவர். சின்ன வயதில் எனக்கு அவருடைய கைகள்தான் ஞாபகம்: நகக்கண்ணெல்லாம் நீலமும் சிவப்பும். அந்தக் கையோடுதான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆர்டர் பெருகப் பெருக ஆள் மாறினார். ஒரு காதுகுத்து விருந்தில், ஆரம்பத்தில் தன்னோடு கூட்டாக இருந்தவர் பந்தியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அவனும் நானும் ஒரே பந்தியா?" என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அம்மா அன்று ராத்திரி முழுக்க அழுதார்.

நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் கலப்பதைத் தடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2006-லேயே கெடு வைத்துவிட்டது. முதல் நாளிலிருந்து கணக்கு எழுதிய பெரியவர், "புது மெஷின் இப்ப வேண்டாமுங்க, சுத்திகரிப்புக்குப் பணம் ஒதுக்கி வைங்க" என்றார். "எனக்கே புத்தி சொல்றியா?" என்று வேலையாட்கள் முன்னால் மாமா கத்தினார். பெரியவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை.

2011 ஜனவரியில் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அடி எல்லாருக்கும்தான். ஆனால் மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் வெளியூர்ப் பட்டறையில் டையிங் மாஸ்டராகச் சம்பளத்துக்குப் போனார். இன்னொருவர் வீட்டிலேயே காஜா பட்டன் மெஷின் போட்டார். மாமாவால் அப்படி இறங்கி வர முடியவில்லை. வட்டிக்கு வாங்கி மொய் வைத்தார், காரை விற்க மறுத்தார். பழைய கூட்டாளி தானாகவே வந்து, "சேர்ந்து ஓட்டலாம், வாங்க" என்று கூப்பிட்டபோது அவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். மூன்றே வருடத்தில் மெஷின்கள் எடைக்குப் போயின, அப்புச்சியின், அதாவது அம்மாவுடைய அப்பாவின், தோட்டமும் போயிற்று.

தன்னை வியந்தவன் விரைந்து கெடுவான் என்று வள்ளுவர் சொல்வது வலியறிதல் அதிகாரத்தில். அதே குறளில் அதற்கு முன்னால் இன்னும் இரண்டு வருகின்றன: மற்றவர்களோடு ஒத்துப்போகாதது, தன் அளவு தெரியாதது. மூன்றையும் நான் ஒரே ஆளிடம் பார்த்தேன். பணம் போனதைக்கூட விடுங்கள், நல்லது சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் போனதைத்தான் பெரிய இழப்பாக நினைக்கிறேன்.

இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார். போன பொங்கல் நோம்பிக்குப் போயிருந்தபோது, "கண்ணு, அந்தக் கணக்குப்பிள்ளை எங்க குடியிருக்காருன்னு விசாரிச்சுச் சொல்றியா? ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரணும்" என்றார். விசாரித்தேன். பெரியவர் காலமாகி நான்கு வருடமாகிறதாம். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.