ஆபிரிக்கா யார் பக்கம்? சில கேள்விகளும் என் பதில்களும்

தொழிலால் நான் தேயிலைத் தரகன். கொழும்பு ஏலத்தில் பல வருடம், இடையில் தொண்ணூறுகளின் கடைசியில் சில வருடம் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில். கொழும்புப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அமெரிக்காவும் சீனாவும் முட்டிக்கொண்டால் ஆபிரிக்கா யார் பக்கம் நிற்கும்?

ஆபிரிக்கா ஒரு நாடு இல்லை. ஐ.நா.வில் 54 நாடுகள், ஆபிரிக்க ஒன்றியத்தில் மேற்கு சஹாராவோடு 55. ஜிபூட்டியில் அமெரிக்கப் படைத்தளம் இருக்கிறது. 2017 முதல் சீனத் தளமும் இருக்கிறது. இரண்டு பேரிடமும் வாடகை வாங்குகிறார்கள். எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஜி20இல் ஆபிரிக்க ஒன்றியத்தைச் சேர்த்தார்களே, அதனால் என்ன லாபம்?

ஜி20 என்பது பெரிய பொருளாதாரங்களின் குழு, 2023 செப்டம்பரில் புதுடில்லியில் சேர்த்தார்கள். அதுவரை தென்னாபிரிக்கா மட்டும்தான் உறுப்பினர். பேச ஒரு கதிரை கிடைத்தது, சரி. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இரண்டு நிரந்தர இடம் வேண்டும் என்று 2005இலேயே ஒன்றாகக் கேட்டார்கள், இன்னும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

எனக்கு இதைவிட மொம்பாசாதான் ஞாபகம் வரும். உகண்டா, ருவாண்டா தேயிலை லொறியில் எல்லை தாண்டி வரும். தாள் சாக்கில் ஊசிக்குழாய் குத்தி மாதிரி எடுப்போம், கையெல்லாம் தூள். பிறகு ஏலம். கொழும்பில் ரூபாயில் விலை சொல்வோம், அங்கே டொலரில். கென்யத் தோட்டத்தில் பறித்த கொழுந்து, கென்யத் துறைமுகத்தில் விற்பனை, ஆனால் கணக்கு டொலரில். உலக ஒழுங்கு மாறுகிறது என்று யாராவது சொன்னால் ஏலத்தில் விலை எந்தக் காசில் என்றுதான் முதலில் பார்ப்பேன். கண்டம் முழுவதற்குமான சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின்படி வர்த்தகம் 2021 ஜனவரியில் தொடங்கியது. அந்த லொறி எல்லையில் நிற்கும் நேரம் குறைந்தால்தான் அதற்கு மதிப்பு.

தெஹிவளையிலிருந்து: கனிமம் இருப்பதால் அவர்கள் கைதானே ஓங்கும்?

பற்றரிக்கு வேண்டிய உலகக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டுகிறார்கள். சுத்திகரிப்பதோ பெரும்பாலும் சீனாவில். சிம்பாப்வே 2022 டிசம்பரில் பதப்படுத்தாத லித்தியத்தின் ஏற்றுமதியைத் தடுத்தது. அது நல்ல வழி.

பம்பலப்பிட்டியிலிருந்து: நாங்களும் சாம்பியாவும் சீனக் கடன் பொறியில் ஒன்றாக விழுந்தோம், சரிதானே?

கால்வாசி சரி. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து 112 கோடி டொலர் வாங்கினோம். அதனால் துறைமுகக் கடன் ஒரு சதமும் குறையவில்லை, காசு அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் எங்கள் கழுத்தை இறுக்கியதில் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற இறைமை முறிகளுக்கு, அதாவது அரசு கடன் வாங்க விற்ற பத்திரங்களுக்கு. சாம்பியாவும் 2020 நவம்பரில் முறி வட்டியில்தான் தவறியது. முறிக்காரரோடு கணக்கு முடிய 2024 ஆனது.

கொச்சிக்கடையிலிருந்து: ஐயா சீனாவுக்கு வக்காலத்து வாங்குகிறார்.

இல்லை தம்பி. ஒப்பந்தத்தை வெளியே காட்டாதே என்று நிபந்தனை போட்டுக் கடன் கொடுப்பது மோசம். சாம்பியாவின் கடன் கொடுத்தோர் குழுவில் பிரான்ஸோடு இணைத்தலைமை வகித்த சீனா, எங்கள் குழுவில் சேராமல் தனியாகப் பேசியது. அதையும் எழுதுங்கள்.

மறுபடி பம்பலப்பிட்டி: அப்போ குற்றவாளி யார்?

கையெழுத்துப் போட்டவர்கள்.

மறுபடி கொச்சிக்கடை: நழுவுகிறீர்கள்.

முறிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் எங்கள் ஆட்கள்தான், துறைமுகக் கடனில் போட்டவர்களும் எங்கள் ஆட்கள்தான். சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவிலும் அதே கதை. இதற்கு மேல் இந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

மட்டக்குளியிலிருந்து: செங்கடல் தாக்குதலால் எங்களுக்கு லாபமா?

யேமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியதால் 2023 கடைசியிலிருந்து பல கப்பல்கள் ஆபிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. கொழும்பில் கொள்கலன் மாற்றும் வேலை கூடியது, நெரிசலும் கூடியது. அடுத்தவன் வழி அடைபட்டதால் வந்த வேலை அது, வழி திறந்தால் போய்விடும்.

மருதானையிலிருந்து: கென்யாவில் வேலைக்கு ஒரு முகவர் இரண்டு லட்சம் கேட்கிறார்.

வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால்.

இன்னும் மூன்று பேர்: கடைசியில் ஆபிரிக்கா எந்தப் பக்கம்?

முதல் பதிலைப் பாருங்கள்.