மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, பெண்ணுறை, டயாஃப்ரமை நம்பலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: கருத்தடை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, பெண்களே போட்டுக்கொள்ளும் தடுப்புச் சாதனங்கள் இருக்கின்றனவாமே, நம்பலாமா?

நம்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இவை ஹார்மோனைத் தொடுவதில்லை. விந்தணு கருப்பைக்குள் போகும் வழியை அடைக்கின்றன, அவ்வளவுதான்.

பெண்ணுறை என்பது இரு முனையிலும் வளையம் உள்ள மெல்லிய பை. உள்வளையத்தை அழுத்திப் பிடித்துக் கருப்பை வாய் வரை தள்ள வேண்டும். வெளிவளையம் வெளியே நிற்கும். முதல் சில தடவை கை தடுமாறும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹெச்.ஐ.வி. போன்ற தொற்றுகளிலிருந்தும் பாதுகாப்பு கிடைக்கும். கணவர் ஆணுறை போட்டிருந்தால் இது வேண்டாம். இரண்டும் உரசிக் கிழியலாம். ‘ரெண்டு போட்டால் டபுள் பாதுகாப்பு’ என்பது தப்புக் கணக்கு.

டயாஃப்ரம், கருப்பை வாயை மூடும் சிலிக்கான் கிண்ணம். விந்தணுக்கொல்லி ஜெல் தடவி வைத்து, உறவுக்குப் பின் 6 மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊர் மருந்துக்கடைகளில் இதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஓராண்டில் 100 பேர் பயன்படுத்தினால், பெண்ணுறையில் சுமார் 21 பேரும் ஆணுறையில் 13 பேரும் கருத்தரிக்கிறார்கள். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு. அதிலும் ஹார்மோன் கிடையாது. எனவே உங்களுக்கு நான் சொல்வது காப்பர்-டி பற்றி டாக்டரிடம் கேட்கத்தான்.

அதுவரை ஆணுறை போதும். வேலூர் வெயிலில் ஸ்கூட்டி பெட்டிக்குள் வைக்காதீர்கள். வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெயும் ஆகாது, ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் கெட்டுவிடும். கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரைக்காக டாக்டரைப் பாருங்கள்.