கார்டியாய்டு சப்: பாக்ஸைத் திருப்பி வைத்தால் மட்டும் போதுமா? (கேள்வி-பதில்)

சப் (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான சப்-வூஃபர் பாக்ஸ்) பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு அமைப்பையே, அதாவது பேஸ் பின்னால் அமுங்கும்படி சப்களை வைக்கும் முறையையே, சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், நீளமானவற்றைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கே: மூன்று சப் அடுக்கும்போது ஒன்றை மட்டும் பின்பக்கம் பார்க்கத் திருப்பி வைக்கிறார்கள். கேட்டால் "பேஸ் முன்னால் போகும்" என்கிறார்கள். பின்னால் பார்க்கிற ஸ்பீக்கர் எப்படி முன்னால் தள்ளும்?

தள்ளாது. முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கார்டியாய்டு சப் பேஸை முன்னால் தள்ளுவதில்லை, பின்னால் போகிற பேஸை அடக்குகிறது. இரண்டும் ஒன்றல்ல.

60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர். 40 ஹெர்ட்ஸ் என்றால் 8.6 மீட்டர். இவ்வளவு நீள அலைக்கு ஒரு 18 இஞ்ச் பாக்ஸ் ஒரு தடையே இல்லை, சுற்றி வளைத்துக்கொண்டு பின்னாலும் போய்விடும். அதனால்தான் சாதாரண சப்பின் முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் பேஸ் எல்லாப் பக்கமும் கேட்கிறது, மேடையில் நிற்பவர் நெஞ்சிலும் அடிக்கிறது.

இப்போது அடுக்கின் பின்னால் போய் நில்லுங்கள். திருப்பி வைத்த பாக்ஸ் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது, முன்னால் பார்க்கிற இரண்டின் சத்தமும் பாக்ஸின் ஆழத்தைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதம் எவ்வளவோ அவ்வளவு டிலேயை (சிக்னலை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது) திருப்பிய பாக்ஸுக்குக் கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் உங்களிடம் வந்து சேரும். அப்புறம் திருப்பிய பாக்ஸின் போலாரிட்டியை (சிக்னலின் பிளஸ்-மைனஸை) மாற்றுங்கள். இரண்டு தள்ளும்போது ஒன்று இழுக்கும், பின்னால் சத்தம் அமுங்கிப்போகும். இரண்டுக்கு எதிராக ஒன்று எப்படிப் போதும் என்று கேட்பீர்கள்: முன்னால் பார்க்கிற பாக்ஸ்களின் சத்தம் சுற்றி வரும்போதே ஓரளவு குறைந்துவிடுகிறது, அதனால் ஒன்று ஏறக்குறைய ஈடுகொடுத்துவிடும்.

முன்னால் கணக்கு வேறு. திருப்பிய பாக்ஸின் சத்தம் நீங்கள் கொடுத்த டிலேயால் ஒரு தடவை தாமதமாகிறது, பாக்ஸைச் சுற்றி முன்னால் வருவதற்குள் இன்னொரு தடவை. பாக்ஸின் ஆழம் 0.9 மீட்டர் என்றால் டிலே 2.6 மில்லிசெகண்ட், மொத்தத் தாமதம் 5.2. ஒரு முழு அலையை 360 டிகிரி என்று வைத்தால், 60 ஹெர்ட்ஸில் இது 113 டிகிரி. போலாரிட்டி மாற்றிய 180 டிகிரியையும் சேர்த்தால் 293, அதாவது முன்பக்கச் சத்தத்தோடு ஒத்துப்போவதற்கு 67 டிகிரிதான் பாக்கி. இரண்டுக்கு ஒன்று என்கிற இந்த அடுக்கில் வித்தியாசம் ஏறக்குறைய 100 டிகிரிக்குள் இருக்கும்வரை சத்தம் கூடும், அதனால் முன்னால் பேஸ் குறையாமல் கொஞ்சம் ஏறவே செய்யும்.

கே: அப்படியானால் முன்னால் நஷ்டமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் ஆக அடியில். மேலே சொன்ன அதே பாக்ஸுக்கு 30 ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் வித்தியாசம் 124 டிகிரி ஆகிவிடுகிறது, திருப்பிய பாக்ஸ் முன்னாலும் கழிக்க ஆரம்பித்துவிடும். மூன்றையும் முன்னால் பார்த்து வைத்திருந்தால் கிடைப்பதோடு ஒப்பிட்டால், காகிதக் கணக்குப்படி 60 ஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபல் போல இழப்பு, 30 ஹெர்ட்ஸில் 5 டெசிபல். உங்கள் நிகழ்ச்சியின் உயிரே 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது என்றால் யோசித்துச் செய்யுங்கள். பாட்டு, பேச்சு, பேண்ட் வகை நிகழ்ச்சிக்கு இந்த இழப்பு பெரிய விஷயமில்லை, மேடை சுத்தமாவதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது.

கே: டிலே எவ்வளவு வைப்பது? ஒருவர் 3 மில்லிசெகண்ட் என்கிறார், இன்னொருவர் 5 என்கிறார்.

பாக்ஸைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள். உற்பத்தியாளர் அந்த மாடலுக்கென்று கார்டியாய்டு பிரிசெட் (தயாராக வைத்த அமைப்பு) கொடுத்திருந்தால் அதையே போடுங்கள், அதில் டிலே மட்டுமில்லாமல் திருப்பிய பாக்ஸுக்கான ஃபில்டரும் லெவலும் சேர்ந்தே இருக்கும். எல்-அகூஸ்டிக்ஸ் கம்பெனி தன் பிரிசெட் பெயரின் கடைசியில் ஒரு 'சி' போட்டு வைக்கிறது, டி அண்ட் பி கம்பெனியின் ஆம்ப்களில் சிஎஸ்ஏ (கார்டியாய்டு சப் அரே) என்று ஒரு பொத்தான் இருக்கிறது.

பிரிசெட் இல்லை என்றால் பாக்ஸின் ஆழத்தை (மீட்டரில்) ஒலியின் வேகமான 343ஆல் வகுப்பதுதான் தொடக்கம், மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்ட் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டேப் வைத்து அளந்த ஆழமும் ஒலி உண்மையில் சுற்றிவருகிற தூரமும் ஒன்றாக இருக்காது, அதனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அளக்கும் மைக்கை அடுக்கின் பின்னால் மூன்று நான்கு மீட்டர் தள்ளித் தரையில் வையுங்கள். முன்னால் பார்க்கிறவற்றை மட்டும் ஓடவிட்டு, அளக்கும் சாஃப்ட்வேரில் ஃபேஸ் கோட்டை (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அலை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று காட்டுவது) சேமியுங்கள். அப்புறம் திருப்பியதை மட்டும், போலாரிட்டி மாற்றாமல் ஓடவிட்டு, 40 முதல் 90 ஹெர்ட்ஸ் வரை இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை டிலேயை நகர்த்துங்கள். லெவலையும் அதே இடத்தில் சமமாக்குங்கள். படிந்ததும் போலாரிட்டியை மாற்றுங்கள், அவ்வளவுதான். இதை முன்னால் நின்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரத்து செய்ய வேண்டியது பின்னால், அளக்க வேண்டியதும் பின்னால்.

அளக்கும் சாஃப்ட்வேர் இல்லாதவர்கள் 60 ஹெர்ட்ஸ் சைன் (ஒரே அதிர்வெண் உள்ள ஒலி) போட்டுவிட்டுப் பின்னால் நின்று, சத்தம் ஆகக் குறையும்வரை டிலேயைத் திருகலாம். ஆனால் ஒரே அதிர்வெண்ணில் தப்பான டிலேயும் நல்ல பள்ளம் காட்டும். 45இலும் 80இலும் போட்டுப் பாருங்கள், மூன்றிலும் குறைந்தால்தான் சரி.

கே: எல்லாம் செய்துவிட்டோம் ஐயா, ஆனால் கூட்டத்தில் பேஸே இல்லை, மேடையில் மட்டும் இடிக்கிறது.

டிலே தப்பான பாக்ஸுக்குப் போயிருக்கிறது. முன்னால் பார்க்கிறதற்கு டிலே கொடுத்து, திருப்பியதைச் சும்மா விட்டுப் போலாரிட்டியை மட்டும் மாற்றினால் கார்டியாய்டு அப்படியே தலைகீழாகிவிடும், மேடைக்குப் பேஸ், மக்களுக்குப் பள்ளம். ப்ராசசரில் (டிலே, ஃபில்டர் எல்லாம் வைக்கிற கருவி) அவுட்புட் பெயரைச் சரிபாருங்கள், பின்னால் கேபிள் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த அமைப்புக்கும் பொருந்துகிற ஒரு சோதனை உண்டு. பேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்றுகொண்டு திருப்பிய பாக்ஸை மியூட் செய்யச் சொல்லுங்கள். ஒரு ஸ்பீக்கரை நிறுத்தியும் சத்தம் கூட வேண்டும். கூடினால் அமைப்பு வேலை செய்கிறது. குறைந்தால் எங்கோ கோளாறு. முதல் தடவை இதைக் கேட்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும், நம்பாமல் இன்னொரு தடவை போடச் சொல்வார்கள்.

கே: திருப்பி வைக்க வேறு கம்பெனி சப் ஒன்று சும்மா இருக்கிறது. அதைப் போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு மாடலின் ஃபேஸும் வேறு, அதிலும் போர்ட் உள்ள பாக்ஸ்களில் ஆக அடியில் ரொம்பவே மாறும். ஒரு அதிர்வெண்ணில் ரத்தாகும், இன்னொன்றில் கூடிவிடும். ஒரே மாடல், ஒரே ஆம்ப், ஒரே கிராஸ்ஓவர், ஒரே ஃபில்டர். சத்தம் வரம்பு மீறாமல் அமுக்குகிற லிமிட்டரையும் மறக்காதீர்கள்: முன் சானல் லிமிட்டில் போய் அமுங்கி, பின் சானல் அமுங்காமல் இருந்தால், சவுண்ட் செக்கில் அழகாக இருந்த பள்ளம் நிகழ்ச்சியின் உச்சத்தில் காணாமல் போய்விடும்.

கே: எண்ட்-ஃபயர் நல்லதா, கார்டியாய்டு அடுக்கு நல்லதா?

இடம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள், பதில் தானே வந்துவிடும்.

எண்ட்-ஃபயரில் எல்லா சப்பும் முன்னால்தான் பார்க்கும், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கும், போலாரிட்டி யாருக்கும் மாறாது. ஆகப் பின்னால் இருப்பதற்கு டிலே கிடையாது, முன்னால் வர வர கூடிக்கொண்டே போகும். ஒரு மீட்டர் இடைவெளியில் நான்கு என்றால் 0, 2.9, 5.8, 8.7 மில்லிசெகண்ட். முன்னால் நான்கும் கச்சிதமாக ஒரே நேரத்தில் சேர்ந்துவிடும், எந்த அதிர்வெண்ணிலும் கழிவு இல்லை, ஒரு பாக்ஸை விட 12 டெசிபல் அதிகம். கிக் டிரம்மின் அடி முன்னால் இறுக்கமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம், அடுக்கில் வருகிற அந்த 5 மில்லிசெகண்ட் வால் இதில் இல்லை.

ஆனால் பின்பக்கம் ரத்தாவது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி நடக்காது. மேலே சொன்ன நான்கு பாக்ஸ் வரிசையில் 43, 86 ஹெர்ட்ஸில் ஆழமான பள்ளம் விழும், நடுவே 11 டெசிபல் குறைவோடு திருப்தியடைய வேண்டும். 43க்குக் கீழே போகப் போகப் பின்பக்கம் நிரம்பிக்கொண்டே வரும். இரண்டே பாக்ஸ் வைத்து எண்ட்-ஃபயர் என்பது என்னைக் கேட்டால் வீண் வேலை, ஒரே ஒரு அதிர்வெண்ணைச் சுற்றித்தான் பலன். நான்கு வைத்தால் சப்புக்கே நான்கு மீட்டர் ஆழம் போய்விடும், மேடைக்கு முன்னால் அவ்வளவு இடம் பெரிய திறந்தவெளியில்தான் கிடைக்கும். அடுக்கு ஒரு பாக்ஸ் அகலத்தில் முடிந்துவிடுகிறது, பின்பக்கமும் அகலமான அதிர்வெண் வரம்பில் சீராக அடங்குகிறது. இடம் குறைவா, மேடை அமைதி முக்கியமா, அடுக்குதான். முன்பக்க அடி முக்கியம், இடமும் இருக்கிறது என்றால் எண்ட்-ஃபயர்.

கே: என்னிடம் மொத்தமே இரண்டு சப்.

இரண்டையும் முன்னால் பார்த்து வையுங்கள். ஒன்றைத் திருப்பினால் கார்டியாய்டு கிடைக்கும்தான், ஆனால் முன்னால் கொடுக்க ஆள் இருக்காது. மேடையில் மைக் அடிவாங்கி, அகூஸ்டிக் கிடார் ஊளையிட்டுப் பாடாய்ப் படுத்துகிறது என்றால் மட்டும் முயற்சி செய்யுங்கள், திருப்பியதன் லெவலைச் சில டெசிபல் குறைத்து.

கே: சின்ன ஹால். மேடைக்குப் பின்னால் சுவர், சப் வைக்க இடமே சுவரை ஒட்டித்தான்.

அங்கே கார்டியாய்டு வேண்டாம். திருப்பிய பாக்ஸின் வாயைச் சுவரில் அடைத்தால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும், கணக்கு எதுவும் நிற்காது. குறைந்தது அரை மீட்டராவது மூச்சுவிட இடம் வேண்டும், கூட இருந்தால் நல்லது. துணி கட்டி மூடிய மேடைக்கு அடியில் நுழைப்பதும் இதே கதைதான். சுவரை ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் சாதாரண சப்பாக ஒட்டியே வைத்துவிடுங்கள், சுவரால் கிடைக்கும் கூடுதல் பேஸ் இலவசம்.

சுவர் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால் கதை மாறும். சாதாரண சப்பின் பின்பக்க அலை சுவரில் மோதித் திரும்பி வந்து, 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முன்பக்கத்தைக் கழித்துவிடும். கார்டியாய்டு சுவருக்குப் போவதையே குறைத்துவிடுவதால் இந்தப் பள்ளம் ஆழமாக விழாது. உள்ளரங்கில் கார்டியாய்டுக்கு இது பெரிய ஆதாயம், யாரும் பேசுவதில்லை.

கே: டிரம்மர் "மேடையில் பேஸே இல்லை, உணர்ச்சியே வரவில்லை" என்று சண்டை போடுகிறார்.

பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இத்தனை நாள் கேட்டுப் பழகியது பிஏவின் (கூட்டத்துக்கான ஸ்பீக்கர்களின்) கசிவு. அவருக்கு ஒரு சின்ன டிரம் ஃபில் சப் கொடுங்கள், அல்லது இருக்கைக்கு அடியில் ஷேக்கர் (இருக்கையை அதிரவைக்கும் கருவி). டிஜே என்றால் பூத் மானிட்டரோடு ஒரு சப். அளவோடு மட்டும், இல்லாவிட்டால் அடக்கியதை நீங்களே திரும்ப நிரப்பிவிடுவீர்கள்.

கே: மேடைக்குப் பின்னால் வீடுகள். கார்டியாய்டு போட்டும் போன் ஆப்பில் டெசிபல் மாறவே இல்லை. ஏமாற்று வேலையா?

ஆப்பில் 'ஏ' வெயிட்டிங் (பேஸைக் குறைத்து எடைபோடும் அளவுமுறை) போட்டிருப்பீர்கள். 63 ஹெர்ட்ஸில் அது சுமார் 26 டெசிபல் குறைத்துத்தான் காட்டும், பேஸில் நீங்கள் செய்த எந்த மாற்றமும் அதில் தெரியாது. 'சி' போட்டுப் பாருங்கள், 63 ஹெர்ட்ஸில் அதன் கழிவு ஒரு டெசிபல்கூட இல்லை. போன் மைக்கே அடியில் சரியாகக் கேட்காது என்பது தனி விஷயம், நல்ல மீட்டர் கடன் வாங்குங்கள்.

வீடுகள் நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கார்டியாய்டு வடிவத்தில் 90 டிகிரியில் 6 டெசிபல்தான் குறையும். திருப்பிய பாக்ஸின் டிலேயை இன்னும் கொஞ்சம் குறைத்தால் வடிவம் ஹைப்பர்கார்டியாய்டு பக்கம் நகரும், பள்ளம் நேர் பின்னாலிருந்து விலகி இரண்டு மூலைப்பக்கமும் போகும், பதிலுக்கு நேர் பின்னால் கொஞ்சம் சத்தம் திரும்பி வரும். வீடுகள் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கே: இடது வலது இரண்டு பக்கமும் கார்டியாய்டு வைத்தோம். நடுவில் பயங்கர பேஸ், நாலடி நகர்ந்தால் ஒன்றுமில்லை. கார்டியாய்டு இதைச் சரிசெய்யும் என்றார்களே?

யார் சொன்னது? இது இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றைவிட 2.9 மீட்டர் கூடுதல் தூரத்தில் நிற்கிறவருக்கு 60 ஹெர்ட்ஸ் ரத்தாகிவிடும், பாக்ஸைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும். எல்லா அடுக்கையும் நடுவில் ஒரே இடத்தில் சேர்த்துவிடுங்கள். அல்லது மேடையின் முன்விளிம்பு முழுக்கப் பரப்பி, அடுக்குகளுக்கு இடையே மையத்துக்கு மையம் 1.9 மீட்டருக்கு மேல் போகாமல் வையுங்கள், 90 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். இப்படி நீளமாகப் பரப்பினால் பேஸ் நேர் முன்னால் குறுகிப் போகும், அதனால் நடுவிலிருந்து ஓரம் போகப் போக டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வளைக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் கார்டியாய்டாக இருந்தால், ஓரத்துக்குக் கொடுக்கும் டிலேயை அந்த அடுக்கின் திருப்பிய பாக்ஸுக்கும் சேர்த்தே ஏற்றுங்கள். முன் பாக்ஸ்களுக்கு மட்டும் ஏற்றிவிட்டால் அந்த அடுக்கில் பின்னால் ரத்தாவது நின்றுபோகும்.