விமானி நேர்முகப் பரீட்சை கைகூடவில்லை: வீட்டை ஈடு வைத்துப் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. உப்புவெளியில் அப்பா, அம்மா, தங்கையுடன் வசிக்கிறேன். கணினி விஞ்ஞானத்தில் பட்டம் பெற்ற பின்னர், உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து மாதம் 45,000 ரூபாய் வரை உழைக்கிறேன். ஒரு விமான நிறுவனம் பயிலுநர் விமானிகளைச் சேர்த்தபோது விண்ணப்பித்து, எழுத்துப் பரீட்சை, உளச்சார்புப் பரீட்சை, குழுச் செயற்பாடு எல்லாம் தாண்டி இறுதி நேர்முகப் பரீட்சை வரை சென்றேன். ஆறு வாரங்களுக்கு முன், தெரிவு செய்யப்படவில்லை என்று நான்கு வரியில் மின்னஞ்சல் வந்தது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. சீனன்குடாவிலிருந்து பயிற்சி விமானம் எழும்பும் சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்திவிடுகிறேன். இரவில் சரியான நித்திரையும் இல்லை. என் நிலையைப் பார்த்த அப்பா, தனது 60 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பை முறித்து, அம்மாவின் பெயரிலுள்ள வீட்டையும் ஒரு கோடி ரூபாய்க்கு ஈடு வைத்து, என்னை வெளிநாட்டு விமானப் பயிற்சிக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பலாம் என்கிறார். 45,000 டொலர் கட்டணம் என்றும், மாத முடிவுக்குள் முதல் தவணையைக் கட்டினால் கழிவு உண்டு என்றும் முகவர் சொல்கிறார். அப்பா தனியார் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஓய்வூதியம் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்த யன்னல்தான். திருகோணமலையில் இருந்துகொண்டு விமானச் சத்தத்திலிருந்து தப்ப முடியாது. காலையில் கடற்கரைப் பக்கம் நடந்தாலும் தலைக்கு மேலே அது வட்டமிடும். நீங்கள் ஒவ்வொரு நாளும் அந்த நான்கு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியவராக இருக்கிறீர்கள் என்பதை நான் உணர்கிறேன். ஆகையால் பணக் கணக்குக்குப் போகுமுன், உங்கள் மனநிலை சம்பந்தப்பட்ட ஒரு நிபந்தனையை முன்வைக்கிறேன்: அந்த மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் முடியும் வரை, ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட எந்த முடிவையும் உங்கள் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. மாத முடிவில் போய்விடும் கழிவு போகட்டும்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. எனக்கு 26 வயதில், மிகவும் எதிர்பார்த்திருந்த ஒரு வங்கி வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் தவறினேன். அடுத்த இரண்டு வாரத்துக்குள், என்னாலும் முடியும் என்று ஊருக்குக் காட்டுவதற்காக, அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்து, தொலைபேசியும் போட்டோ பிரதியும் எடுக்கும் கடை ஒன்றைத் திறந்தேன். பதினொரு மாதத்தில் அதைப் பூட்டினேன். சங்கிலியை மீட்க மூன்று வருடம் சென்றது. அந்த மூன்று வருடமும் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது அம்மா சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு நடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கடை பிழையான தொழிலல்ல. அதைத் தொடங்கிய மனம்தான் அப்போது கணக்குப் பார்க்கும் நிலையில் இருக்கவில்லை.

இனி உங்கள் விடயத்தின் மையத்துக்கு வருகிறேன். நீங்கள் தவறியது ஒரு வேலைக்கான தெரிவில். அப்பா கடன்பட்டு வாங்கித் தர நினைப்பதோ ஓர் உரிமத்தை. இரண்டும் ஒன்று என்று முகவர் உங்களுக்கு உணர்த்தியிருக்கக் கூடும், அவை ஒன்றல்ல. சர்வதேச ஒழுங்கின்படி தனியார் விமானி உரிமத்துக்கு ஆகக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பும், வர்த்தக விமானி உரிமத்துக்கு 200 மணித்தியாலமும், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாயின் 150 மணித்தியாலமும் தேவை. பெரிய விமானத்தில் தலைமை விமானியாவதற்கான உரிமம் 1,500 மணித்தியாலத்தில்தான் வருகிறது. ஆகவே ஒன்றரை அல்லது இரண்டு வருடம் கழித்து, ஏறத்தாழ 200 மணித்தியாலங்களுடன் நீங்கள் ஊர் திரும்பும்போது, நிற்கப்போவது மறுபடியும் ஒரு விமான நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சை மேசைக்கு முன்னால்தான். அதே உளச்சார்புப் பரீட்சை, அதே குழுச் செயற்பாடு, அதே கேள்விகள். வித்தியாசம் என்னவென்றால், இந்த முறை உங்கள் பின்னால் ஒரு கோடி ரூபாய்க் கடன் நிற்கும். அது மட்டுமல்ல, ஏ320 போன்ற பெரிய பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்கு அந்த வகை விமானத்துக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும். அதன் செலவை முகவர் சொன்ன தொகைக்குள் நான் காணவில்லை. வெளிநாட்டு உரிமத்தை இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் உரிமமாக மாற்றும் நடைமுறையும் செலவும் அதற்கு வெளியேதான் இருக்கும்.

இப்போது தொகையைப் பார்ப்போம். ஒரு கோடி ரூபாயை வருடம் 14 வீத வட்டியில், பத்து வருடத்தில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 155,000 ரூபாய் வரும். பத்து வருடத்தில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ ஒரு கோடியே 86 இலட்சம். நீங்கள் படிக்கும் 24 மாதங்களின் தவணை மட்டுமே 37 இலட்சத்தைத் தாண்டுகிறது. அதை யார் கட்டுவது? அப்பாவின் வைப்பு முறிக்கப்பட்டிருக்கும், உங்கள் வகுப்புகள் நின்றிருக்கும், தங்கை படித்துக்கொண்டிருப்பாள். வங்கி சலுகைக் காலம் தந்தாலும் வட்டிக்குச் சலுகை இல்லை. அது முதலோடு சேர்ந்துகொண்டே போகும்.

கட்டணம் டொலரில் என்பதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்க்கு அண்மையில் இருந்தது; மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த நாட்களில் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என் மேசைக்கு வந்து, அடுத்த தவணைக்கு எந்தக் காணியை விற்பது என்று கேட்டிருக்கிறார்கள். 45,000 டொலரை 300 ரூபாய்ப்படி கணக்கிட்டால் ஒரு கோடியே 35 இலட்சம். டொலர் 360 ஆனால் அதுவே ஒரு கோடியே 62 இலட்சம். நீங்கள் ஒரு பிழையும் செய்யாமலே 27 இலட்சம் ரூபாய் கூடிவிடுகிறது. தங்குமிடம், சாப்பாடு, விசா, காலநிலை காரணமாகப் பறக்க முடியாமல் நீளும் மாதங்கள், ஒரு சோதனையில் தவறினால் மேலதிகமாகப் பறக்க வேண்டிய மணித்தியாலங்கள் எல்லாம் இதற்கு மேலே.

அப்பாவின் 60 இலட்சத்தை நீங்கள் சேமிப்பு என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது அவருடைய ஓய்வூதியமாகத் தெரிகிறது. தனியார் துறையில் வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஒரு முறைதான் கைக்கு வரும். எட்டு வீத வட்டியில் அந்த வைப்பு மாதம் 40,000 ரூபாய் தரும். உங்கள் வீட்டு அரிசியும் மின்சாரப் பட்டியலும் அம்மாவின் மருந்தும் அதற்குள்தான் அடங்குகின்றன என்று ஊகிக்கிறேன். நெருக்கடிக் காலத்தில் 20 வீதத்தைத் தாண்டிய வைப்பு வட்டி பின்னர் எவ்வளவு இறங்கியது என்பதை அவர் ஏற்கெனவே அனுபவித்திருப்பார். வட்டி குறைந்தாலும் முதல் இருக்கிறது என்ற தெம்பில்தான் ஓய்வு பெற்றவர்கள் நித்திரை கொள்கிறார்கள். அந்தத் தெம்பை உங்களிடம் தர அவர் முன்வந்தது அன்பு. அதை வாங்காமல் விடுவதும் அன்புதான்.

வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் தங்கையின் பெயர் ஒரே ஒரு தடவைதான், அதுவும் வசிப்பவர்களின் பட்டியலில்தான் வருகிறது. நம் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவது வழமை. அந்த உறுதியில் அம்மாவின் பெயர் இருப்பது, அவருடைய பெற்றோர் அவருக்குச் சீதனமாகக் கொடுத்ததனாலேயே இருக்கும். நாளை அது யாருக்கு என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். சீதன முறை சரியா பிழையா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே சொத்து எதிர்பார்ப்பு அதுவாக இருக்கும்போது, அவளைக் கேட்காமல் அதை ஈடு வைப்பது, அவளுடைய பணத்தை அவளுக்குத் தெரியாமல் எடுப்பதற்குச் சமம். வங்கி அம்மாவையும் கடனாளியாகக் கையொப்பமிடச் செய்யும். தவணை தொடர்ந்து தவறினால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. ‘பராட்டே’ என்று பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். அதை அம்மாவுக்குத் தமிழில், ஒவ்வொரு வரியாக, ஒரு சட்டத்தரணி விளக்கிய பின்னரும் அவர் மனமார உடன்படுவாரா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னதால் விமானியாகும் ஆசையை விடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இறுதிச் சுற்று வரை போனவர் அந்தத் துறைக்குப் பொருத்தமற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. இடங்கள் சிலவாகவும் வந்தவர்கள் பலராகவும் இருக்கும்போது, தகுதியுள்ளவர்களும் வெளியே நிற்க நேரும். வர்த்தக விமானப் போக்குவரத்தில் விமானிகள் 65 வயது வரை பறக்கலாம். 24 வயதில் இரண்டு வருடம் பிந்துவது அந்த நீண்ட காலத்தில் பெரிய இழப்பல்ல. 2020 இல் உலகமெங்கும் விமானங்கள் தரையில் நின்றபோது, பல வருட அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்தார்கள். பின்னர் பல நிறுவனங்கள் ஆட்களைத் தேடின. ஏறி இறங்கும் இப்படியான துறைக்குள் போகிறவருக்கு, காத்திருக்கும் காலத்தைத் தாங்கும் கையிருப்பு அவசியம். கடனோடு போகிறவரால் காத்திருக்க முடியாது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது செலவு குறைந்ததும் பெரிய பதிலைத் தருவதுமான ஒரு காரியம்: முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். வர்த்தக விமானிக்கு அது கட்டாயம். அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம்தான் பெற வேண்டும். கண், நிறப் பார்வை, காது, இருதயம் எல்லாம் பார்ப்பார்கள். நிறப் பார்வைக் குறைபாடு இருப்பது பலருக்கு அங்கேதான் முதன்முதலாகத் தெரியவருகிறது. இந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் எந்தக் கல்லூரிக்கும் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. மருத்துவச் சான்றிதழ் பற்றிக் கேட்காமலே முற்பணம் கேட்கும் முகவர், உங்களை விமானியாக்குவதைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்து, உங்கள் பட்டத்துக்குரிய நிரந்தர வேலை ஒன்றைத் தேடுங்கள். வகுப்புகளை வார இறுதிக்கு மாற்றிக்கொள்ளலாம். வரும் வருமானத்தில் மாதம் 20,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டால், 18 மாதத்தில் வட்டி சேராமலே 360,000 ரூபாய். அது உரிமத்துக்குப் போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மருத்துவப் பரிசோதனை, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, கொழும்புக்கு இரவுப் புகையிரதத்தில் போய்வரும் செலவு, அடுத்த விண்ணப்பத்தின் ஆயத்தம், இரத்மலானையிலுள்ள பயிற்சிக் கழகம் ஒன்றில் ஓர் அறிமுகப் பறப்பு ஆகியவற்றுக்குப் போதும். விமானத்தின் உள்ளே ஒரு தடவையாவது கைபிடியைப் பிடித்துப் பார்த்த பின்னர் எடுக்கும் முடிவு, யன்னலுக்குப் பின்னால் இருந்து எடுக்கும் முடிவைவிடத் தெளிவாக இருக்கும். பின்னொரு நாள் சொந்தப் பணத்தில் படிக்கத் தீர்மானித்தாலும், முழுக் கட்டணத்தை ஒன்றாகக் கட்டாமல், தனியார் விமானி உரிமத்திலிருந்து கட்டம் கட்டமாக, பறந்த மணித்தியாலத்துக்கு மட்டும் கட்டும் வழியைத் தெரிவு செய்யுங்கள். முழுப் பணத்தையும் வாங்கிய பின்னர் பூட்டப்பட்ட பயிற்சிக் கல்லூரிகள் பல நாடுகளில் உண்டு.

விண்ணப்பித்த நிறுவனத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி, மீண்டும் விண்ணப்பிக்க எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் வந்தால் நல்லது, வராவிட்டாலும் குறையில்லை. முதற் சுற்றுக்காகச் செலவழித்த பணத்தை ஈடுகட்டுவதற்காக அடுத்த சுற்றுக்குப் போக வேண்டாம். அந்தப் பணம் போனது போனதுதான்.

நித்திரை ஆறு வாரமாகச் சரியில்லை என்றால் அதைப் பணக் கணக்காக நான் பார்க்க முடியாது. திருகோணமலை பொது வைத்தியசாலையில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாயின் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தங்கையையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, இந்தக் கணக்குகளை ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதி அப்பாவிடம் கொடுங்கள். வாயால் சொன்னால் அவர், நீ மனம் உடைந்து பேசுகிறாய் என்பார். மாதத் தவணைக்கு எதிரே வருமானம் என்று ஒரு வரி விட்டு, அந்த இடத்தை வெறுமையாக வைத்துக் காட்டுங்கள். முகவர் நாளை அழைத்தால், மருத்துவச் சான்றிதழ் வந்த பின்னர் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அது வந்ததும் கல்லூரியின் முழுக் கட்டணப் பட்டியலையும் சேர்த்து எனக்கு அனுப்பினால், ஒவ்வொரு வரியாக இருவரும் பார்க்கலாம்.