அகலத்திரைப் படத்துக்கு டிவியில் எதை மாற்ற வேண்டும்?

மலையகத்து ஹட்டனில் புது டிவி வாங்கியிருக்கிறீர்கள். படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறது, எப்படிப் போக்குவது என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து போக்காதீர்கள். டிவித் திரை 16:9, அதாவது அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. சினிமாஸ்கோப் என்னும் அகலத்திரைப் படத்தின் அகலமோ உயரத்தைப் போல ஏறக்குறைய 2.39 மடங்கு. முழுப் படமும் தெரிய வேண்டுமானால் திரையில் கால்பங்கு கறுப்பாகத்தான் இருக்கும். 'ஸூம்' போட்டு நிரப்பினால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, ஓரமாக நின்று பேசுகிறவரின் பாதி முகம் போய்விடும்.

நம் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் 4:3க்கு நெருங்கியவை. அவற்றுக்குப் பட்டை இடமும் வலமும் விழும். இழுத்து நிரப்பினால் அந்த முகமே அகன்றுபோகும், பார்க்கச் சகிக்காது.

மாற்ற வேண்டியவை வேறு. 'பிக்சர் சைஸ்' பகுதியில் 16:9 வைத்து, 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' இருந்தால் அதைப் போடுங்கள். டிவி தானாக ஓரங்களை நறுக்குவது நிற்கும். 'பிக்சர் மோட்' 'மூவி' அல்லது 'சினிமா'. முதலில் மஞ்சளாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். 'ஷார்ப்னஸ்' நன்றாகக் குறையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியைக் கட்டாயம் நிறுத்துங்கள்: சினிமா வினாடிக்கு 24 பிரேம், இடையில் டிவி தானே பிரேம் செருகினால் படம் நாடகத் தொடர் மாதிரி ஆகிவிடும். பனிமூட்டப் பகலில் அறை மங்கலாகத்தானே இருக்கும், திரையின் பின்னொளியான 'பேக்லைட்'டைக் கூட்டத் தேவையில்லை.